நண்டுக் கம்பெனியா, ராமேஸ்வரம் லாட்ஜா, சென்னையா? அக்கா மகளின் முதல் வேலை

அக்கா மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு உச்சிப்புளி வீட்டில் இருந்தாள். போன ஏப்ரல் கடைசியில் ஒரே வாரத்தில் மூன்று இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மண்டபம் பக்கம் ஒரு கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை. சென்னையில் ஒரு கால் சென்டர். அதுவரை ஆறு மாதமாக ஒரு போனும் வரவில்லை. வந்தால் மொத்தமாக வருகிறது. "மாமா, எதுல சேரட்டும்?" என்று கேட்டாள். அக்காவுக்கு ஒரே கேள்விதான்: "சம்பளம் எதுல கூட?"

நான் ஆறு வருஷம் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் மேசையில் நின்றவன். அதன்பின் பத்து வருஷம் மீன் கம்பெனி ஒன்றில் கொள்முதல் கணக்கு எழுதியவன். இரண்டு பக்கமும் உப்புக்காற்று வாங்கியாயிற்று. அதனால் சம்பளத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் காலண்டரை எடுத்து வா என்றேன். நம் கரையில் ஒரு வேலையின் குணம் மாதச் சம்பளத்தில் தெரியாது. அந்த வேலைக்கு வருஷம் எப்படி ஓடுகிறது, எந்த மாதம் மூச்சு முட்டும், எந்த மாதம் ஈ ஓட்டும் என்பதில்தான் தெரியும்.

முதலில் மீன் கம்பெனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். இறாலும் கணவாயும் அந்த இரண்டு மாதம் சுருங்கிப்போகும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் நண்டு வலையில் விழும் நீலக்கால் நண்டு மட்டும் வந்துகொண்டிருக்கும். நண்டுச் சதை எடுக்கிற கம்பெனி முழுக்கப் படுத்துவிடாது. தடைக்காலம் இல்லாத மாதங்களிலும் கடல் நம் சொல்படி நடக்காது. புயல் கூண்டு ஏற்றினால் படகு இறங்காது. எல்லை தாண்டினார்கள் என்று நம் ஆட்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனால் துறைமுகமே வேலைநிறுத்தத்தில் நிற்கும். அன்றைக்குக் கம்பெனி மேசையில் ஆள் இருக்கும், சரக்கு இருக்காது. ஆகவே அங்கே கேட்கவேண்டிய முதல் கேள்வி "சம்பளம் எவ்வளவு" இல்லை. "சரக்கு வராத நாளுக்குச் சம்பளம் உண்டா" என்பது. சதை எடுக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கில் கூலி. சரக்கு இல்லையென்றால் அவர்களுக்கு அன்றைக்குக் காசு இல்லை. தரக்கட்டுப்பாட்டு ஆளுக்கு மாதச் சம்பளம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதமான காலண்டர்.

லாட்ஜின் காலண்டர் இதற்கு நேர் எதிர். மீன் கம்பெனி மந்தமாகிற மே மாதத்தில்தான் அங்கே அறை கிடைக்காது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை, சிவராத்திரி என்றால் நிற்க நேரம் இருக்காது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் சபரிமலை போகும்போதோ திரும்பும்போதோ இங்கே வந்து நீராடிவிட்டுப் போவார்கள். அது தை வரைக்கும் ஓடும். வடநாட்டு யாத்திரிகர்களுக்குக் கணக்கே இல்லை, வருஷம் முழுக்க வருவார்கள். ஊரே திருவிழா கொண்டாடுகிற நாள் எதுவோ, அதுதான் லாட்ஜ்காரனுக்கு லீவு கிடைக்காத நாள். அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது "தை அமாவாசைக்கு ஒரு நாள்தானே மாமா" என்றாள். ஒரு நாள் இல்லை அம்மா. முதல் நாள் ராத்திரியே பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அடுத்த நாள் மத்தியானம்தான் நீ நாற்காலியைப் பார்ப்பாய்.

சரி, இப்போது சம்பளத்துக்கு வருவோம். அக்கா காத்துக்கொண்டிருக்கிறாள்.

கம்பெனி சொன்னது மாதம் 14,000. பி.எஃப்.பும் (வருங்கால வைப்பு நிதி) இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிப்பார்கள். முழுத் தொகைக்கும் பிடித்தால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,680, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 105. கைக்கு வருவது 12,215. லாட்ஜ் சொன்னது 13,000, பிடித்தம் ஒன்றும் இல்லை, இரண்டு வேளைச் சாப்பாடு. "பாத்தியா, லாட்ஜ்தான் கூட" என்றாள் அக்கா. கையில் வாங்குகிற நோட்டை எண்ணினால் கூடத்தான். ஆனால் கம்பெனி தன் பங்காக இன்னொரு 12 சதவீதம் போடுகிறது, அதில் 8.33 ஓய்வூதியத்துக்கும் 3.67 பி.எஃப்.புக்கும் போகும். இ.எஸ்.ஐ.க்கு அவர்கள் பங்கு 3.25 சதவீதம். நோய் வந்து படுத்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு வழி இருக்கிறது. லாட்ஜில் படுத்தால் சம்பளமும் அன்றைக்குப் படுத்துவிடும். பத்துப் பேராவது வேலை செய்கிற இடத்தில் இ.எஸ்.ஐ., இருபது பேராவது இருந்தால் பி.எஃப். என்று சட்டம் இருக்கிறது. சின்ன லாட்ஜ்கள் அந்த எண்ணிக்கைக்குள் வராமல் பார்த்துக்கொள்வதும் உண்டு. நான் இருந்த இடத்தில் வருகைப் பதிவேட்டில் எப்போதும் ஒன்பது பேர்தான்.

அடுத்து மணி. லாட்ஜில் காலை ஏழு முதல் மாலை ஏழு, பன்னிரண்டு மணி நேரம். மாதம் இரண்டு நாள்தான் லீவு. 28 நாள் என்று வைத்தால் 336 மணி, மணிக்கு 39 ரூபாய் கூடத் தேறாது. கம்பெனியில் எட்டு மணி நேரம், 26 நாள், 208 மணி. பிடித்தம் போக மணிக்கு 58 ரூபாய்க்கு மேல். அக்கா இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. "மணிக்கணக்கு என்ன கணக்கு, அவ வீட்டுல சும்மாதானே இருக்கா" என்றாள். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள் என்று அவளே மகளைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அந்தத் தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ் மட்டும் 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து யார் புத்தகத்தைத் திறக்கப்போகிறார்கள்? நான் திறந்ததில்லை. லாட்ஜில் சேர்ந்த வருஷம் வாங்கிய பொது அறிவுப் புத்தகம் இன்னும் புதுசாகத்தான் இருக்கிறது.

போக்குவரத்தும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். உச்சிப்புளியும் மண்டபமும் வழியில். உச்சிப்புளியிலிருந்து மண்டபத்துக்குப் பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் கிடைத்தால் செலவே இல்லை. ராமேஸ்வரம் என்றால் பாலம் தாண்டவேண்டும். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் சீசன் நாளில் சுற்றுலா வண்டிகள் நின்று நின்று படம் எடுத்துப் போகும். ஏழு மணி வேலைக்கு வீட்டில் ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும். ரயில் 2022 டிசம்பரில் பாம்பனைத் தாண்டுவதை நிறுத்தி, புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும் வரை மண்டபத்தோடு நின்றது. அந்த இரண்டே கால் வருஷம் தீவுக்குள் வேலைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் தெரியும். இப்போது ரயில் இருக்கிறது. ஆனால் அதன் நேரமும் லாட்ஜின் நேரமும் ஒத்துப்போகவேண்டுமே.

சென்னையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 18,000 என்றார்கள். பிடித்தம் போக 16,000 சொச்சம், விடுதியும் சாப்பாடும் 7,500, பஸ் ரயில் 1,500. ஏழாயிரம் மிஞ்சும், அதிலும் ஊருக்கு வந்துபோகிற செலவு இருக்கிறது. ஆங்கிலம் பழகும், கூச்சம் போகும், அது உண்மை. ஆனால் விலங்கியல் படித்தவளுக்கு அங்கே அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வீட்டை விட்டு வெளியே போயே ஆகவேண்டும் என்ற நிலைமை இருந்தால் நானே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன். அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

நாலாவதாக ஒரு கதவு இருந்தது, அவளுக்கே அது தெரியவில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1947-இல் தொடங்கிய நிறுவனம். 1949 முதல் தலைமையகமே நம் மண்டபத்தில்தான் இருந்தது, 1971-இல்தான் கொச்சிக்குப் போனது. இப்போது இங்கே மண்டல மையம். ஆராய்ச்சித் திட்டங்களுக்கு அவ்வப்போது ஆள் எடுப்பார்கள்: நேர்காணல் தேதியை இணையதளத்தில் போடுவார்கள், சான்றிதழோடு நேரில் போய் நிற்கவேண்டும். தொகுப்பூதியம், திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது, நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். ஊரில் இதைக் கேட்டால் "டெம்பரவரிதானே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடிகாலையில் இறங்குதளத்துக்குப் போய் எந்த மீன் எவ்வளவு வந்தது என்று எழுதுகிற வேலைக்கு, சூடை எது காரல் எது ஓரா எது என்று பார்த்தவுடன் சொல்கிற கரைப்பிள்ளையை விடப் பொருத்தம் யார்? வெளியூரிலிருந்து வருகிற முதுகலைப் பட்டதாரி அறிவியல் பெயரை மனப்பாடமாகச் சொல்வார், கூடையில் கிடக்கிற மீனைப் பார்த்து முழிப்பார். மே மாதத்தில் ஒரு நேர்காணல் வந்தது, போகச் சொன்னேன்.

விண்ணப்பிக்கிற விதமும் இந்த நாலு இடத்துக்கும் நாலு விதம், அதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சென்னைக்கு ஒரு பக்க ரெஸ்யூமே, பி.டி.எஃப். ஆக, மின்னஞ்சலில். ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர்கள் கொடுத்த படிவம்தான். அசல் சான்றிதழ் ஒரு செட், நகல் ஒரு செட், சாதிச் சான்றிதழ், போட்டோ. ஒன்று குறைந்தால் வாசலோடு திரும்பவேண்டியதுதான். லாட்ஜில் பேப்பரைப் பார்க்கவே மாட்டார்கள். முகத்தைப் பார்ப்பார்கள், "இந்தி வருமா" என்று கேட்பார்கள். கம்பெனியில் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் உள்ளே போகமுடியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வாசல் வரைக்கும் அது உண்மை. உள்ளே தர மேலாளர் கேட்கிற கேள்விக்கு நீதான் பதில் சொல்லவேண்டும், சிபாரிசு சொன்னவர் வரமாட்டார்.

எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இரண்டும் இல்லாமல் மொட்டைப் பெயர். நம்மில் பாதிப்பேருக்கு இப்படித்தான். பி.எஃப். கணக்கு தொடங்கும்போது பெயர் ஒத்துப்போகாமல் நிற்கும், புதிதாகச் சேர்ந்தவள் ஒவ்வொரு வாரமும் கணக்குப் பிரிவு வாசலில் நிற்பாள். வேலை தேடுகிற காலத்திலேயே இ-சேவை மையத்துக்குப் போய்ச் சரி செய்துவிடவேண்டும். இன்னொன்று, அசல் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு வராதே. சரிபார்க்கட்டும், பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். "நாங்க வச்சுக்குவோம், போறப்ப தர்றோம்" என்கிற இடத்திலிருந்து போகிற அன்றைக்குத்தான் சிக்கல் தெரியும்.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதில் லாட்ஜுக்கும் கம்பெனிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

லாட்ஜில் எதிர்பார்ப்பது முகமும் காசும். யாத்திரிகர் களைத்துப்போய் வருவார், அறை இல்லை என்றால் கத்துவார், நீ கத்தக்கூடாது. கோயிலுக்குள் 22 தீர்த்தம் எங்கே தொடங்குகிறது, ஈர உடையோடு சந்நிதிக்குப் போகலாமா, தனுஷ்கோடிக்கு எத்தனை மணி வரை விடுவார்கள் என்று ஒரே கேள்வியை ஒரு நாளில் நூறு பேர் கேட்பார்கள். நூறாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே பொறுமை வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரப் படிவத்தை இணையத்தில் ஏற்றவேண்டும். புதிதாக வருகிறவர்கள் மறப்பது இதைத்தான். அப்புறம் பெட்டிக் காசு. நான் சேர்ந்த இரண்டாவது மாதம், ராத்திரி ஷிப்டுக்காரர் அவசரமாகக் கிளம்பினார், எண்ணாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மாலையில் 3,500 குறைந்தது. சம்பளத்தில் பிடித்தார்கள். அவர் எடுத்தாரா, அதற்கு முந்தின ஷிப்டிலேயே குறைந்ததா, இன்றுவரை தெரியாது. ஆனால் தாளில் என் கையெழுத்து இருந்தது. அந்த மேசையில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை, தவறு செய்த பிறகு பிடித்தம் செய்தார்கள், அவ்வளவுதான் பயிற்சி.

கம்பெனியில் முதல் நாள் பாதி நேரம் உடுப்பைப் பற்றியே பேசுவார்கள். பூ கூடாது, வளையல் கூடாது, மோதிரம் கூடாது, நகப்பூச்சு கூடாது. தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மறைப்பு, முட்டிவரை பூட்ஸ், குளோரின் கலந்த தண்ணீரில் கையை முக்கிவிட்டுத்தான் உள்ளே. கையில் சின்ன வெட்டு இருந்தாலும், வயிற்றுப்போக்கு இருந்தாலும் மறைக்காமல் சொல்லவேண்டும். வேலையில் அக்கறை என்று நினைத்துக் காய்ச்சலோடு வருகிறவரை இங்கே யாரும் பாராட்டமாட்டார்கள், திருப்பி அனுப்புவார்கள். நண்டுச் சதையில் ஓட்டுத்துண்டு இருக்கிறதா என்று நீல விளக்கில் பார்ப்பார்கள். உறைந்த சரக்கு அறை கழித்தல் 18 டிகிரியில் நிற்கவேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

பழகாதது இரண்டு. ஒன்று, மேசையில் இருக்கிற பெண்கள். இருபது வருஷமாக நண்டு உடைக்கிறவர்கள். கத்தி நுனியால் ஒரு தட்டுத் தட்டினால் சதை முழுசாக வந்து விழும். அவர்களிடம் போய் நேற்றுப் பட்டம் வாங்கிய பெண் "வளையலைக் கழட்டுங்க" என்று சொல்லவேண்டும். படித்த திமிர் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் கம்பெனியில் ஒரு தகவலும் உன் காதுக்கு வராது; பழைய சரக்கு எந்தக் கூடையில் கலந்தது என்று அவர்களுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நான் பார்த்ததில் நிலைத்து நின்ற பெண்கள் முதல் வாரம் எதையும் திருத்தவில்லை. மேசையில் உட்கார்ந்து "அக்கா, எனக்கு ஒரு நண்டு உடைக்கச் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டவர்கள்தான்.

இரண்டாவது, சதை வைக்கிற குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவேடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதவேண்டிய எண்ணை ஷிப்டு தொடங்கும்போதே வரிசையாக எழுதிவைக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. எல்லாம் 4 டிகிரி, 4, 4, 4. ஒரே பேனா, ஒரே சாய்வு. தணிக்கைக்கு வருகிறவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன் மூடிவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார். நிஜமான அறையில் எண் ஏறி இறங்கும். கதவைத் திறந்தால் ஏறும், ஐஸ் போட்டால் இறங்கும். புதிதாக வந்தவளிடம் பழையவர் ஒருவர் அன்பாகவே சொல்வார்: "நாலுன்னு போடும்மா, யாரு பாக்கப்போறா." அந்த இடத்தில்தான் அவள் எப்படிப்பட்ட வேலைக்காரி என்று தீர்மானமாகும். ஆறு என்றால் ஆறு என்று எழுதிவிட்டு, மேலே சொல்லி ஐஸ் போடவைக்கவேண்டும். மேலே இருப்பவர் அதற்காக முறைத்தால், அது எப்படிப்பட்ட கம்பெனி என்றும் தெரிந்துவிடும்.

இத்தனை இருந்தும் அவளைக் கம்பெனியில்தான் சேரச் சொன்னேன். ஏன்? இந்தப் பதிவேடும் சோதனையும் தெரிந்த ஆளை நாளைக்குத் தூத்துக்குடியிலும் கொச்சியிலும் கேட்பார்கள். லாட்ஜ் மேசையில் ஆறு வருஷம் நின்ற எனக்கு அடுத்த லாட்ஜில் அதே மேசைதான் கிடைத்தது. மேலே ஏற வழி இருக்கிற பெரிய ஓட்டல் என்றால் என் பேச்சு மாறும். அவளைக் கூப்பிட்டது பதினெட்டு அறை உள்ள இடம்.

லாட்ஜ்காரர் "நாளைக்கே வா" என்றார், மே சீசன் அவருக்கு. கம்பெனி ஜூன் 16 என்றது. "அதுவரைக்கும் லாட்ஜுல நிக்கட்டுமே, நாப்பத்தஞ்சு நாள் சம்பளம்" என்று அக்கா விடவில்லை. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. போகப்போகிறோம் என்று தெரிந்தே சேர்வதை ராமேஸ்வரம் மாதிரி சின்ன ஊர் மறக்காது, கம்பெனிக்காரருக்கும் லாட்ஜ்காரருக்கும் ஒரே டீக்கடை. அந்த நாட்களில் ஆதாரில் பெயரைச் சரிசெய்தாள், ஆராய்ச்சி நிலைய நேர்காணலுக்குப் போனாள். காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது இடம் வந்தது. கம்பெனியில் "தடைக்காலத்தில் முழுச் சம்பளம் உண்டா" என்று கேட்டு, உண்டு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கினாள். கேட்கும்போது கை நடுங்கியதாம்.

மூன்றாவது வாரம் ராத்திரி போன் செய்தாள். "மாமா, இன்னைக்கு ஆறுன்னு எழுதிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சூப்பர்வைசர் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் அவரே ஆள விட்டு ஐஸ் கொட்டச் சொன்னாரு. அரை மணி கழிச்சுப் பாத்தா மூணரை. அதையும் எழுதினேன். அதுல லேட்டாகி ஏழு மணி பஸ்ஸ விட்டுட்டேன் மாமா, எட்டே காலுக்குத்தான் வந்துச்சு."

அடுத்த பஸ் நேரம் எதுவென்று கேட்டு எழுதி வைத்துக்கொள் என்றேன்.